தொய்வின்றி

லாச்சப்பல் கடைச்சுவர்களில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலிகளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: தொய்வின்றி. குடும்பத்துக்காகத் தொய்வின்றி உழைத்தவர், ஊருக்காகத் தொய்வின்றிப் பணியாற்றியவர் என்று. தமிழில் தொய்வு நல்ல சொல் அல்ல. கட்டில் கயிறு தொய்ந்தால் திரும்ப இழுத்துக் கட்ட வேண்டும். கொடிக்கயிறு தொய்ந்தால் தோய்த்த துணி மண்ணில் படும். பேச்சு தொய்ந்தால் சபை எழுந்து போய்விடும். ஆகவே தொய்வே இல்லாமல் வாழ்ந்தார் என்பது நாங்கள் ஒருவருக்குக் கொடுக்கும் கடைசிப் பட்டங்களில் ஒன்றாகிவிட்டது.

சங்கிலிகளோடு வேலை செய்கிறவர்களிடம் இந்தச் சொல்லுக்கு வேறு மதிப்பு இருக்கிறது. நான் கணினி ஆலோசகன். சில வருடங்களுக்கு முன் பாரிசின் வடக்குப் புறநகரில், பொதிகளைப் பிரித்து அனுப்பும் கிடங்கு ஒன்றுக்காக மென்பொருள் எழுதினேன். பொதிகளைச் சுமந்து செல்லும் சங்கிலிகளை ஓட்டும் மோட்டார்கள் எவ்வளவு மின்சாரம் இழுக்கின்றன என்று பார்த்து, எந்தச் சங்கிலி எப்போது தேய்ந்து முடியும் என்று முன்கூட்டிச் சொல்வது அந்த மென்பொருளின் வேலை. அதற்காகச் சங்கிலியின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியவன், பாதி வழியில் லாச்சப்பலின் தெருப்பெயர்களிடமே வந்து சேர்ந்தேன்.

*

ரூ காய் என்ற தெருவில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்திருப்பதால், அந்தப் பெயர் கத்தரிக்காய், முருங்கைக்காயோடு இயல்பாகவே சேர்ந்துவிட்டது. அது யாருடைய பெயர் என்று கேட்பவர்கள் குறைவு. ழான்-பிரான்சுவா காய் 1804இல் மேற்குப் பிரான்சின் ஷெஃப்-பூத்தோன் என்ற சிற்றூரில் பிறந்தவர். செப்புப் பாத்திர வேலை பழகிக்கொண்டு பாரிசுக்கு வந்து, ஷார்ல் தெரோன் என்பவரின் பட்டறையில் சேர்ந்தார். தெரோன் சர்க்கரைப் பாகு காய்ச்சும் கருவிகளை உருவாக்கியவர். 1836இல் காய் அவருடைய பங்காளியானார். 1846இல் தெரோன் இறந்த பிறகு தொழில் முழுவதும் காயின் கைக்கு வந்தது. ரயில் எஞ்சின்களும் செய்தார்கள். ஆனால் கடல் கடந்து அந்தப் பெயரைக் கொண்டுபோனவை சர்க்கரை ஆலை இயந்திரங்கள்தான். கியூபாவுக்கும் ரியூனியனுக்கும் கரிபியத் தீவுகளுக்கும் அவை போயின.

பக்கத்துத் தெருக்களும் இதே இனம். பிலிப் து ஜிரார் 1810இல் சணல்நாரை இயந்திரத்தால் நூற்கும் வழியைக் கண்டுபிடித்தவர். அதற்கு நெப்போலியன் அறிவித்த பத்து லட்சம் பிராங்க் பரிசு அவர் கைக்கு வரவேயில்லை. பிழைக்கப் போலந்து போனார். அங்கே ஓர் ஊருக்கே அவர் பெயர் வைத்தார்கள். பெர்தோனே ரயில்பாதைப் பொறியாளர். சற்றுத் தள்ளி ஓடும் தெருவுக்குரிய லூயி பிளாங், 1848 புரட்சியின்போது வேலை என்பது மனிதனின் உரிமை என்று வாதிட்டவர். இயந்திரம் செய்தவர்களும், இயந்திரத்தின் முன் நிற்பவர்களுக்காகப் பேசியவரும் ஒரே வட்டாரத்தில் பெயர்ப்பலகைகளாக நிற்கிறார்கள். அவர்களுக்குக் கீழே நாங்கள் கறிவேப்பிலை வாங்குகிறோம்.

காய் என்ற பெயர் தமிழரைச் சந்தித்தது லாச்சப்பலில் அல்ல, அதற்கு நூறு வருடங்களுக்கும் முன்னர். 1848இல் பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1854ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல்நாள், ஒரேலி என்ற கப்பல் இந்தியத் தொழிலாளர்களோடு குவாதலூப் தீவின் புவாந்த்-ஆ-பீத்ர் துறைமுகத்தை அடைந்தது. 1889 வரை தொடர்ந்த இந்தப் பயணங்களில் 40,000க்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும் பகுதியினர் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பல் ஏறிய தமிழர்கள். ஐந்து வருட ஒப்பந்தம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

அதே புவாந்த்-ஆ-பீத்ரில் 1869இல் தார்பூசியே என்ற பெரிய சர்க்கரை ஆலை ஓடத் தொடங்கியது. எர்னஸ்ட் சூக் என்பவரோடு சேர்ந்து அதை நிறுவியவர் எங்கள் தெருப்பெயருக்குரிய காய். பாரிசிலிருந்து இரும்பு போனது, புதுச்சேரியிலிருந்து கை போனது. அந்த ஆலை 1980இல் மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் அடிமை வணிகத்தின் நினைவகம் நிற்கிறது.

*

இத்தகைய மத்திய ஆலை பழைய மாட்டுச் செக்கிலிருந்து வேறுபடுவது ஒரு விஷயத்தில். செக்குக்கு அவசரம் இல்லை. மாடு நின்றால் அதுவும் நிற்கும். நீராவியில் ஓடும் ஆலைக்கு வயிறு காயக் கூடாது. கரும்பு ஒரே அளவாக வந்துகொண்டே இருக்க வேண்டும். வெட்டிய கரும்பு நாள் தாண்டினால் சர்க்கரைச் சத்து இறங்கிவிடும் என்பதால் தோட்டமும் ஆலையும் ஒரே தாளத்துக்குக் கட்டுப்படுகின்றன. இன்று நெல்லிக்குப்பத்தில் போய்ப் பார்த்தாலும் சரி, குவாதலூப்பில் மிஞ்சியிருக்கும் ஆலையில் பார்த்தாலும் சரி, வண்டியிலிருந்து விழும் கரும்பை அரைக்கும் உருளைகளுக்குக் கொண்டுபோவது அகன்ற இரும்புப் பட்டைகளாலான ஒரு பாதை. அந்தப் பட்டைகளை இருபுறமும் இழுத்துச் செல்பவை இரண்டு சங்கிலிகள்.

சுமை தூக்கும் சங்கிலி பழையது. பற்சக்கரத்தில் பிசகாமல் பொருந்தி ஓடும் சங்கிலியின் கதையில் பாரிசுக்குப் பெரிய பங்கு உண்டு. இயந்திர வாத்து செய்து புகழ்பெற்ற ழாக் து வோக்கான்சோன், 1741இல் அரசின் பட்டு உற்பத்திக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். பட்டு இழையை முறுக்கும் இயந்திரங்களுக்குச் சீரான ஓட்டம் வேண்டும், கயிறு வழுக்கும். கம்பியை வளைத்து ஒரே அளவான கண்ணிகளாகக் கோத்த சங்கிலியை அவர் பயன்படுத்தினார். கண்ணிகள் கையால் செய்தால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது என்பதால், கண்ணி செய்வதற்கென்றே ஓர் இயந்திரத்தையும் செய்தார். அந்த இயந்திரம் பாரிசின் ஆர் எ மெத்தியே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லாச்சப்பலிலிருந்து போபூர் சன் தெனி வழியே தெற்கே நடந்தால் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம்.

அடுத்தவர் ஆந்த்ரே கால். பதக்கங்கள் செதுக்கும் கலைஞர். 1829இல், தட்டையான தகடுகளை ஊசிகளால் கோத்த சங்கிலிக்கு உரிமம் பெற்றார். முழங்கை மடங்குவதுபோல் ஒரே தளத்தில் மடங்கும் அமைப்பு அது. பாரந்தூக்கிகளில் இன்றும் அதைக் கால் சங்கிலி என்றே சொல்கிறார்கள். அதில் ஒரு குறை இருந்தது: தகட்டின் மெல்லிய ஓரம் முழுப் பாரத்தையும் ஊசியில் ஏற்றியது, ஊசி விரைவில் அறுந்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் குடியேறிய ஹான்ஸ் ரெனால்ட், 1880இல் அந்த ஊசிக்கு ஒரு குழாய் உறையும் அதன்மேல் ஓர் உருளையும் போட்டார். தேய்மானம் பரந்த இடத்தில் பங்கிடப்பட்டது. நாங்கள் யாழ்ப்பாணத்தில் உழக்கிய சைக்கிளின் செயின் அந்த வம்சம்தான். அம்பத்தூரில் 1960 முதல் டிஐ டயமண்ட் செய்யும் சங்கிலியும், கோயம்புத்தூர் எல்ஜிபியின் ரோலான் சங்கிலியும் அதே வம்சம்.

*

இழுவிசைக்கு வருவோம். சைக்கிள் செயின் தொய்ந்தால் பின்சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னே இழுத்து, திரும்ப இறுக்குவோம். இறுக்கிவிட்டுச் செயினின் நடுவை விரலால் தூக்கிப் பார்ப்போம். கொஞ்சம் அசைய வேண்டும். அசையாவிட்டால் உழக்கும்போது கால் நோகும் என்பது சைக்கிள் கடைக்காரர் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்தது. அது ஏன் என்பதைக் கண்டுபிடிக்க ஐரோப்பாவின் பெரிய கணித மூளைகளுக்கு ஒரு நூற்றாண்டின் பெரும்பகுதி பிடித்தது.

இரண்டு முனைகளில் தொங்கும் சங்கிலியின் வளைவு என்ன வடிவம்? கலிலியோ அதைப் பரவளையத்துக்கு ஒப்பிட்டார். 1690இல் யாக்கோப் பெர்னூலி அதை ஒரு புதிராக அறிவுலகின் முன் வைத்தார். அடுத்த வருடம் மூன்று பேர் விடை தந்தார்கள்: அவருடைய தம்பி யோஹான், லைப்னிட்ஸ், ஹைகன்ஸ். இவர்களில் ஹைகன்ஸ் பதினைந்து வருடங்கள் பாரிசில் அரசின் அறிவியல் கழகத்தில் இருந்தவர். லைப்னிட்ஸ் 1672இல் பாரிசுக்கு வந்து அவரிடம்தான் கணிதத்தை முறையாகப் பயின்றார். அந்த வளைவுக்குச் சங்கிலி என்ற இலத்தீன் சொல்லிலிருந்தே பெயர் வைத்தவர் ஹைகன்ஸ்.

அந்த விடையிலிருந்து ஒரு பட்டறைக் கணக்கு வருகிறது. மீட்டருக்கு 10 கிலோ எடையுள்ள சங்கிலி 4 மீட்டர் இடைவெளியில் தொங்குவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 40 கிலோ. நடுவில் 10 சென்டிமீட்டர் தொய்வு விட்டால், அதைப் பிடித்திருக்க ஏறத்தாழ 200 கிலோ இழுவை வேண்டும். தொய்வை 5 சென்டிமீட்டர் ஆக்கினால் 400 கிலோ. 1 சென்டிமீட்டர் ஆக்கினால் 2000 கிலோ. 1 மில்லிமீட்டர் என்றால் 20 டன். தொய்வைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் இழுவை இரட்டிக்கிறது. துளியும் தொய்வில்லாமல் நேர்கோடாக நிறுத்த உலகத்தில் எந்தப் பலமும் போதாது. ஒரு பொதியும் ஏற்றாமல், ஒரு கரும்பும் சுமக்காமல், வெறுமனே விறைப்பாக இருப்பதற்கே சங்கிலி தன் வலிமையைச் செலவழித்துவிடும்.

அதனால்தான் கிடையாக ஓடும் சங்கிலிகளுக்கு, இரு பற்சக்கரங்களுக்கும் இடையிலான தூரத்தில் 2 முதல் 4 சதவீதம் தொய்வு விடு என்று பொறியியல் கைநூல்கள் சொல்கின்றன. அளவுக்கு மீறித் தொய்ந்தால் ஆபத்து வெளிப்படையானது. சங்கிலி பல் தாண்டும், சட்டத்தில் அடிக்கும், ஓட்டும் சக்கரத்தின் கீழே குவிந்து சிக்கும். சத்தம் போட்டே காட்டிக்கொடுத்துவிடும். அளவுக்கு மீறி இறுகினால் வரும் கேடு சத்தமில்லாதது. பேரிங் சூடாகும், அச்சுத்தண்டு மெல்ல வளையும், மோட்டார் கூடுதலாக மின்சாரம் குடிக்கும். ஊசியும் உறையும் ஒன்றையொன்று அரைக்கும். பார்ப்பவர் கண்ணுக்குச் சங்கிலி அழகாக, நேராக, ஒழுங்காக ஓடும்.

இன்னொரு விஷயமும் எனக்கு அந்தக் கிடங்கில்தான் விளங்கியது. சங்கிலி நீண்டுவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் ஊசி கொஞ்சம் தேய்கிறது, உறை கொஞ்சம் தேய்கிறது. 15 சென்டிமீட்டர் கண்ணியில் 3 மில்லிமீட்டர் என்பது ஒன்றுமே இல்லை. 20 கண்ணி சேர்ந்தால் 3 மீட்டர் சங்கிலி 3 மீட்டர் 6 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. அது 2 சதவீதம். 3 சதவீதம் வந்தால் பல சங்கிலிகளை மாற்றிவிட வேண்டியதுதான். கண்ணியின் அளவு பெருத்துவிட்டதால் பல்லின் அடியில் உட்கார முடியாமல், பல்லின் மேலே ஏறி ஓடத் தொடங்கும். வெளித்தகடுகளில் ஒரு கீறல்கூட இருக்காது. தேய்வு முழுவதும் மூட்டுக்குள்ளே, யாரும் பார்க்காத இடத்தில்.

என் மென்பொருளின் எண்களை, பராமரிப்புப் பகுதியில் முப்பது வருடங்களாக வேலை செய்த போர்த்துக்கேயர் ஒருவர் தன் உலோக அளவுநாடாவோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார். அவருடைய ஒழுங்கு எப்போதும் ஒன்றுதான். முதலில் இயந்திரத்தை நிறுத்துவார். விசையைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போடுவார். சங்கிலியை இழுபட்ட நிலையில் வைத்து, ஒரு கண்ணியை அல்ல, இருபது கண்ணிகளைச் சேர்த்து அளப்பார். இடப்பக்கச் சங்கிலி, வலப்பக்கச் சங்கிலி இரண்டையும் அளப்பார். ஒன்று மட்டும் நீண்டிருந்தால் நடுவிலுள்ள பட்டைகள் கோணலாகும். இறுக்கும் திருகாணிகளை இருபுறமும் சுற்று எண்ணி ஒரே அளவு திருப்புவார். புதுச் சங்கிலி என்றால் முதல் சில நாட்களிலேயே மூட்டுகள் படிந்து தொய்வு கூடும் என்று ஒரு வாரத்தில் திரும்பி வருவார். தேய்ந்த பற்சக்கரத்தில் புதுச் சங்கிலியை மாட்ட ஒருபோதும் சம்மதிக்க மாட்டார். வெப்பத்தையும் கணக்கில் எடுப்பார்: 50 மீட்டர் இரும்பு 40 பாகை சூடேறினால் இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். குளிர்ந்த காலையில் இழுத்துக் கட்டியது நண்பகலில் வேறாக இருக்கும்.

கையால் திருகுவதைத் தவிர்க்க இரண்டு பழைய வழிகள் உண்டு. ஒன்று, கடைசிச் சக்கரத்தைத் தொங்கும் எடைக்கல்லால் இழுப்பது. மற்றது, சுருள்வில். கார் து நோர் நிலையத்தில் நீங்கள் ஏறும் நகரும் படிக்கட்டு இரண்டாவது வகை. அதுவும் மனிதரைச் சுமக்கும் ஒரு சங்கிலிப்பாதைதான். பொதுவாக ஓட்டும் மோட்டார் மேல் முனையில் இருக்கும். கீழ் முனையில், நீங்கள் காலை வைக்கும் தகட்டுக்கு அடியில், படிகளின் இரட்டைச் சங்கிலியைச் சுருள்வில் பிடித்திருக்கும். சங்கிலி தேயத் தேய வில் இடம் கொடுக்கும். வரம்பு மீறினால் ஒரு விசை படிக்கட்டை நிறுத்திவிடும். பழுதாகி நிற்கும் படிக்கட்டைத் திட்டிக்கொண்டே ஏறுகிறோம். சில நேரங்களில் அது நின்றது சரியாகத்தான் இருக்கும்.

*

பிரெஞ்சில் சங்கிலிக்கு ஷேன் என்று பெயர். தொழிற்சாலையில் வரிசையாக நின்று ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கும் அதே சொல்: த்ராவாய் ஆ லா ஷேன், சங்கிலியில் வேலை. மனிதரின் வேலையைத் தன் பின்னால் இழுத்த சங்கிலி உண்மையிலேயே ஒன்று உண்டு. 1913 அக்டோபரில் ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் வண்டிச் சட்டங்களைக் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். 1914 ஜனவரியில் கயிற்றுக்குப் பதிலாக ஓயாமல் சுற்றும் சங்கிலி வந்தது. 12 மணி நேரத்துக்கும் மேல் பிடித்த ஒரு சட்டத்தின் பூட்டுவேலை, அந்த வருட வசந்தத்தில் 93 நிமிடமாகக் குறைந்தது. அதற்கு விலை இருந்தது. 1913இல் ஃபோர்டில் 100 பேர் வேலையைப் பிடித்துவைக்க 370 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது, வந்தவர்கள் நிற்கவில்லை. சங்கிலி வந்த அதே ஜனவரியில்தான் நாளுக்கு ஐந்து டாலர் கூலி அறிவிக்கப்பட்டது. பிரான்சில் இந்த முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் ஆந்த்ரே சித்ரோவன், 1919இல், பாரிசின் ழவேல் கரையில்.

பழைய பட்டறையில் ஒருவர் நிமிர்ந்து முதுகை நீட்டவும், பக்கத்தில் நிற்பவரோடு இரண்டு வார்த்தை கதைக்கவும் வேலைக்குள்ளேயே இடம் இருந்தது. முதலாளி அதை வீணான நேரம் என்று கண்டார். கடிகாரத்தோடு நின்று அதைப் பிழிந்தெடுத்தார்கள். தத்துவ ஆசிரியை சிமோன் வெய்ல் 1934 டிசம்பரிலிருந்து 1935 ஆகஸ்ட் வரை பாரிஸ் வட்டாரத்தின் மூன்று தொழிற்சாலைகளில் கூலியாக நின்று நாட்குறிப்பு எழுதினார். எத்தனை துண்டு செய்தார், எத்தனை சதம் கிடைத்தது என்ற கணக்கோடு, சிந்திக்க முடியாமல் போகும் களைப்பையும் அவர் பதிந்திருக்கிறார். மனிதருக்குள் நடக்கும் தேய்மானத்தை நாடா வைத்து அளந்த குறிப்பு என்று அதைச் சொல்லலாம்.

1936 ஜூனில் பிரான்சின் தொழிலாளர் ஆலைகளுக்குள் அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். 40 மணி நேர வாரமும் இரண்டு வாரச் சம்பள விடுமுறையும் சட்டமாயின. அதே கோடையில் பிரெஞ்சுக் கொடி பறந்த இன்னோர் ஊரில், புதுச்சேரியில், பஞ்சாலைத் தொழிலாளர் வ. சுப்பையாவின் தலைமையில் எட்டு மணி நேர வேலை கேட்டார்கள். ஜூலை 30 அன்று சவானா ஆலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர் இறந்தார்கள். வேலைநேரத்துக்கு வரம்பு விதிக்கும் ஆணை அடுத்த வருடம் அங்கே வந்தது. பாரிஸ் கேட்டதும் புதுச்சேரி கேட்டதும் ஒன்றுதான்: நாளில் ஒரு பகுதி இழுபடாமல் இருக்க வேண்டும். பட்டறை மொழியில் சொன்னால், அந்த 2 முதல் 4 சதவீதம்.

*

1983க்குப் பிறகு எங்கள் ஆட்கள் கூட்டமாகப் பாரிசுக்கு வந்து இறங்கியபோது இந்தச் சட்டங்களெல்லாம் புத்தகத்தில் இருந்தன. உணவகங்களின் பின்கதவால் உள்ளே போனவர்களுக்கு அவை எப்போதும் எட்டவில்லை. ப்ளோன்ஜ் என்ற பிரெஞ்சுச் சொல், மொழி தெரியாத பலர் முதலில் கற்ற சொற்களில் ஒன்று. கோப்பை கழுவும் வேலை. காலை பத்துக்குப் போய் மூன்று மணிக்கு வெளியே வந்து, வீடு தூரமென்பதால் மெத்ரோவிலோ பூங்கா வாங்கிலோ இருந்துவிட்டு, ஆறு மணிக்கு மீண்டும் உள்ளே போய் நள்ளிரவில் திரும்புவது. பெரிய சமையலறைகளில் கோப்பைத் தட்டுகளை நீராவிக்குள் இழுத்துச் செல்லும் இயந்திரம் இருக்கும். ஒரு முனையில் ஒருவர் அடுக்க, மறுமுனையில் ஒருவர் எடுக்க, நடுவில் அது நில்லாமல் ஓடும்.

என் சித்தப்பா அப்படி 26 வருடங்கள் நின்றார். வட்டிக்கு எடுத்த பயணக்காசு, தங்கையின் கல்யாணம், ஊரில் இடம்பெயர்ந்தவர்களுக்கு அனுப்பியது, பிள்ளைகளின் படிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திருகாணி திருகப்பட்டது. ஒருநாள்கூட அவர் வேலைக்குப் போகாமல் இருந்ததாக எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. நாங்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். அறுபதாவது வயதில் வலத் தோளைத் தூக்க முடியவில்லை. படம் பிடித்துப் பார்த்த மருத்துவர், மூட்டுக்குள் இருக்கவேண்டியது பெரும்பாலும் தேய்ந்து போயிருக்கிறது, இது ஒரு நாளில் வந்ததல்ல என்றார். வெளியே பார்த்தால் திடகாத்திரமான மனிதர்.

2023இல் பிரான்சில் ஓய்வு வயதை 62இலிருந்து 64ஆக உயர்த்தும் சட்டம் வந்தபோது பாரிஸ் மாதக்கணக்கில் தெருவில் நின்றது. அந்த ஊர்வலங்களில் எங்கள் முதல் தலைமுறையினர் அதிகம் இல்லை. அவர்களுக்கு வேலை இருந்தது. ஆனால் இந்தச் சட்டத்தின் கணக்கு அவர்களை மிக நேரடியாகத் தொடுகிறது. இங்கே ஓய்வூதியம் வயதால் மட்டும் வருவதில்லை. பதிவாகிய சம்பளத்திலிருந்து எண்ணப்படும் காலாண்டுகளால் வருகிறது. பதிவில்லாமல், கையில் காசாக வாங்கி உழைத்த வருடங்கள் அந்தக் கணக்கில் இல்லை. சித்தப்பாவின் முதல் நான்கு வருடங்களுக்கு ஒரு தாளும் கிடையாது. அவருடைய தோளுக்கு அந்த நான்கு வருடங்களும் தெரியும். காகிதத்துக்குத் தெரியாது.

குவாதலூப்புக்குக் கப்பலில் போனவர்களின் பெயர்களாவது பதிவேட்டில் எழுதப்பட்டன. லாச்சப்பலைச் சுற்றி வாழ்ந்த தலைமுறையைப் பற்றி எங்களிடம் இருக்கும் எழுத்து பெரும்பாலும் போரைப் பற்றியது, பயணத்தைப் பற்றியது. வேலையைப் பற்றியது குறைவு. எந்தச் சமையலறை, எந்த வருடங்கள், எத்தனை மணி நேரம், எவ்வளவு சம்பளம், எந்த மூட்டில் வலி என்று யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. அவர்கள் இன்று அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இருக்கிறார்கள். பழைய சம்பளச் சீட்டுகள் பிஸ்கற் தகரங்களிலும் கட்டிலுக்கடியில் சூட்கேசுகளிலும் கிடக்கின்றன. ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போது அவை தேவைப்படும். அதற்குப் பிறகு பிள்ளைகள் வீட்டைத் துப்புரவு செய்யும் நாளில் அவை குப்பைக்குப் போகும்.

பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த, கணினி தெரிந்த இரண்டாம் தலைமுறையினரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையோ அம்மாவையோ மாமாவையோ உட்கார வையுங்கள். சீட்டுகளை வருட வாரியாக அடுக்குங்கள். விடுபட்ட வருடங்களில் என்ன நடந்தது என்று கேட்டு, சொல்வதை எழுதுங்கள். விடுபட்ட காலாண்டு ஏதாவது மீட்கக்கூடியதாக இருக்கலாம். இல்லாவிட்டாலும் ஒரு வரலாறு மிஞ்சும். முதலில் அவர்கள் எழுந்து தேநீர் போடப் போவார்கள், கடைக்குப் போக வேண்டும் என்பார்கள், இதெல்லாம் எதற்கு என்பார்கள். உட்கார்ந்து பழக்கமில்லாதவர்கள்.

சர்க்கரை ஆலைகளில் அரைப்புப் பருவம் முடிந்ததும் இயந்திரங்கள் நிற்கும் மாதங்கள் உண்டு. அப்போதுதான் சங்கிலியைக் கழற்றி, கழுவி, தரையில் நீட்டிப் போட்டு, நாடா பிடிப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் சங்கிலியை யாராலும் நாடா பிடித்து அளக்க முடியாது.